இரைச்சலை மூடாதீர்கள், தேடுங்கள்
வாகன மின்பணித் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

சூலக்கரை, விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் வட்டாரத்தில் வண்டிகளுக்கு வயரிங் பார்த்து, கார் செட்டும் ஆம்பும் ஸ்பீக்கரும் பொருத்திக் கொடுக்கும் அன்புத் தோழர்களே,

ஒரே தொழிலைப் பல கடைகளில் பல விதமாகச் செய்துவரும் நாம், சாலையில் ஒருவரையொருவர் கண்டால் நலம் விசாரித்துக்கொள்வதும், ஒரு பொருள் கையிருப்பில் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் பையனை அனுப்பி வாங்கிக்கொள்வதும் உண்டே தவிர, தொழிலின் நுட்பங்களைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசும் சந்தர்ப்பம் நமக்கு அபூர்வமாகவே வாய்க்கிறது. அந்தக் குறையை ஓரளவாவது தீர்க்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, நம் எல்லோருடைய கடை வாசலுக்கும் ஓயாமல் வந்து நிற்கும் ஒரு புகாரைப் பற்றி, அதாவது வண்டியில் பாட்டு வைத்தால் பாட்டோடு சேர்ந்து கேட்கும் வேண்டாத இரைச்சலைப் பற்றி, என் மனத்தில் உள்ளதை இம்மடலில் விவரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பாட்டுப்பெட்டி ஓர் ஆடம்பரப் பொருள்தானே, அதில் கொஞ்சம் இரைச்சல் இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். விடியுமுன்னே கிராமம் கிராமமாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் விரையும் வேனில், பகலெல்லாம் வெயிலிலும் மருந்து நெடியிலும் கழிக்கப்போகும் அந்த ஜனங்களுக்குக் கிடைக்கும் ஒரே கேளிக்கை, போகும்போதும் வரும்போதும் கேட்கிற நாலு பாட்டுத்தான். காலண்டர்க் கட்டுகளையும் பட்டாசுப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு இரவு முழுவதும் நெடுஞ்சாலையில் கண்விழித்து ஓட்டும் லாரிக்காரருக்கு அந்தப் பாட்டே துணை. ஆடி மாதத்தில் இருக்கன்குடி மாரியம்மனைத் தரிசிக்கப் பாதயாத்திரையாகச் செல்லும் கூட்டத்துக்கு முன்னே ஒலிபெருக்கி கட்டிச் செல்லும் வண்டியில் அது பக்தியின் சாதனம். இத்தனை பேருடைய காதில் விழுகிற ஒரு விஷயத்தை அற்பமென்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்ற ரீங்காரம் ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், நம்மில் பலர் உடனே கையாளும் பரிகாரம், அலமாரியிலிருந்து ஒரு நாய்ஸ் ஃபில்டரை எடுத்து வயரின் நடுவே சேர்த்து, கறுப்பு டேப்பைச் சுற்றி அனுப்பிவிடுவதே. சத்தம் அடங்கிவிடுகிறது அல்லது குறைந்துவிடுகிறது; வண்டிக்காரரும் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆனால், அந்த இரைச்சல் வண்டியின் மின்னோட்டத்தில் எங்கோ ஒரு பழுது இருக்கிறது என்பதற்கு அடையாளமாக எழுந்த சப்தம் என்பதையும், அடையாளத்தை மறைத்துவிட்டுப் பழுதை அப்படியே விட்டுவைத்தோம் என்பதையும் நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஃபில்டர் வைப்பது தொழில் தர்மம் ஆகாது. பட்டாசு செய்யும் நம் சீமையில் அது ஆபத்தும்கூட. இம்மடலில் நான் சொல்ல வந்தது இது ஒன்றே.

வண்டிக்குள் ரேடியோ நுழைந்த நாளிலேயே இந்த இரைச்சலும் கூட நுழைந்துவிட்டது. பால் கால்வின் என்பவர் தம் சகோதரர் ஜோசப்போடு சேர்ந்து 1928-இல் சிகாகோ நகரத்தில் தொடங்கிய சிறு கம்பெனி, 1930-இல் மோட்டார் வண்டிக்கென்று ஒரு ரேடியோவை உருவாக்க முற்பட்டபோது, வில்லியம் லியர், எல்மர் வேவரிங் என்ற இளைஞர்கள் அவருக்குத் துணையாக நின்றார்கள். எஞ்சினை நிறுத்தி வைத்தால் தெளிவாகப் பாடிய ரேடியோ, எஞ்சினைக் கிளப்பியதும் இரைச்சலில் மூழ்கிப்போயிற்று; பற்றவைப்புப் பொறியிலிருந்து வரும் இடையூறு எது, டைனமோவிலிருந்து வருவது எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து அறிந்து, ஒவ்வொன்றையும் அதனதன் பிறப்பிடத்திலேயே அடக்கிய பிறகுதான் அவர்களால் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ரேடியோ உற்பத்தியாளர்களின் மகாநாட்டுக்குத் தங்கள் வண்டியை ஓட்டிச் சென்று, வாசலில் நிறுத்திப் பாடவைத்துக் காட்ட முடிந்தது. அந்த ரேடியோவுக்கு இட்ட பெயரே மோட்டரோலா. கால்வின் ஒரு வங்கி அதிகாரியிடம் கடன் கேட்கப் போனபோது, அவருடைய மனத்தைக் கவர்வதற்காக அவருடைய பாக்கார்ட் காரில் ரேடியோ பொருத்திக் கொடுத்தார் என்றும், பொருத்திய சிறிது நேரத்துக்கெல்லாம் அந்தக் கார் தீப்பற்றிக்கொண்டது என்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. நம் தொழிலின் முதல் அத்தியாயத்திலேயே இரைச்சலும் நெருப்பும் அருகருகே நிற்பதை நாம் மறக்கலாகாது.

அவர்கள் கையாண்ட முறையே இன்றைக்கும் சரியான முறை. முதலில் கேட்க வேண்டும். கேட்டு இனம் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு காரணமாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம் ஒரு வகை. எஞ்சின் வேகத்தோடு 'டிக் டிக்' என்று துடிக்கும் ஒலி மற்றொரு வகை. எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாறாமல் 'உஸ்' என்று கேட்பது மூன்றாவது வகை. ரேடியோவில் மட்டும் கேட்டு, புளூடூத்தில் பாட்டு வைத்தால் கேட்காத கரகரப்பு நான்காவது வகை. இந்த நான்கையும் ஒன்றாகப் பாவித்து ஒரே மருந்தைக் கொடுப்பதனால்தான் பாதி வண்டிகள் மறுபடியும் நம் வாசலுக்கு வருகின்றன.

முதல் வகையான ரீங்காரத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் ஓட்டுநர்கள் பழைய பழக்கத்தில் டைனமோ என்றே சொன்னாலும், இன்றைய வண்டியில் இருப்பது ஆல்டர்னேட்டர்; 1960-ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த கிரைஸ்லர் கம்பெனியின் வேலியண்ட் காரில் அது நிலையான உறுப்பாக இடம்பெற்றது முதல், சிறிது சிறிதாக எல்லா வண்டிகளுக்கும் பரவியது. ஆல்டர்னேட்டருக்குள் பிறப்பது மாறுமின்சாரம். அதை ஆறு டயோடுகள் சேர்ந்து நேர்மின்சாரமாக மாற்றினாலும், அலையின் முகடுகள் முற்றிலும் சமப்பட்டுவிடுவதில்லை. மெல்லிய ஒரு சிற்றலை எஞ்சி நிற்கிறது. பன்னிரண்டு துருவங்கள் உடைய ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் இத்தகைய துடிப்புகள் 36 உண்டாகின்றன. எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்று ஓடும்போது, புல்லியின் விகிதத்தால் ஆல்டர்னேட்டர் ஏறக்குறைய 2000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 1200 துடிப்புகள் ஆகும். எஞ்சினை 2400 சுற்றுக்கு உயர்த்தினால் அது விநாடிக்கு 3600 துடிப்புகளாக ஏறுகிறது. மனிதனுடைய காது மிகவும் கூர்மையாகக் கேட்பது விநாடிக்கு 2000 முதல் 5000 வரையிலான அதிர்வுகளையே ஆதலால், அளவில் அற்பமான இந்தச் சிற்றலை காதுக்குள் ஊசியைப் போலப் புகுந்துவிடுகிறது.

சிற்றலை இருப்பது இயல்பு; அது பாட்டுக்குள் புகுவதுதான் பழுது. புகும் முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று, ஆல்டர்னேட்டரில் ஒரு டயோடு பழுதாகி, சிற்றலை தன் எல்லையை மீறிப் பெரிதாகிவிடுவது. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை மாறுமின்சார அளவுக்குத் திருப்பி பாட்டரியின் இரு முனைகளில் வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் காட்டினால் குற்றமில்லை, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடைச் சந்தேகிக்க வேண்டும். இத்தகைய வண்டிக்கு ஃபில்டர் வைத்து அனுப்பினால், சில நாளில் பாட்டரி இறங்கி, நள்ளிரவில் எங்காவது சாலையோரத்தில் வண்டிக்காரர் நிற்க நேரிடும். பாட்டு கெட்டதன் மூலம் ஆல்டர்னேட்டர் முன்கூட்டியே எச்சரித்தும், அந்த எச்சரிக்கையின் வாயை நாமே அடைத்தவர்கள் ஆவோம்.

இரண்டாவது வழி, நம்மில் பெரும்பாலோர் அன்றாடம் சந்திப்பது: எர்த் சுற்று. செட் முன்னால் டாஷ்போர்டில் ஓர் இடத்தில் பாடி எர்த் ஆகியிருக்கிறது; ஆம்ப் பின்னால் டிக்கியில் வேறோர் இடத்தில் எர்த் ஆகியிருக்கிறது. இரண்டும் ஒரே இரும்பு உடம்புதானே என்று நாம் எண்ணினாலும், பெயிண்டும் துருவும் தளர்ந்த போல்ட்டும் இடையில் இருக்குமானால், அவ்விரு இடங்களுக்கும் மின்னழுத்தத்தில் மிகச் சிறிய வித்தியாசம் ஏற்பட்டுவிடுகிறது. அந்த வித்தியாசத்தைச் சமன் செய்துகொள்ள மின்சாரம் வழி தேடும்போது, செட்டையும் ஆம்பையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. வயரின் வெளிக்கூடு அதற்கு வசதியான பாதையாக அமைகிறது. பாட்டு போக வேண்டிய வயரில் ஆல்டர்னேட்டரின் சிற்றலையும் சேர்ந்து பயணம் செய்து, ஆம்புக்குள் புகுந்து, பாட்டைப் போலவே பெருகி வெளியே வருகிறது.

இதைக் கண்டுபிடிக்கும் முறையை, ஆட்களை ஏற்றும் ஒரு சாதாரண வேனை நம் கடை வாசலில் நிறுத்தியிருப்பதாகப் பாவித்து வரிசையாகச் சொல்கிறேன். பின்சீட்டுக்கு அடியில் ஆம்ப். அதன் எர்த் வயரைத் தொடர்ந்து விரலை ஓட்டிச் சென்றால், தரையிலுள்ள ஒரு சீட் போல்ட்டின் தலைக்கு அடியில் அது செருகப்பட்டிருக்கிறது. போல்ட்டைக் கழற்றினால், லக்கின் அடியில் கம்பெனிப் பெயிண்ட் பளபளப்பாக அப்படியே இருக்கிறது. பெயிண்டின் மேல் லக் உட்கார்ந்து, மறையின் விளிம்பு மட்டும் எங்கோ இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும், மற்றொன்றை நீண்ட வயர் ஒன்றின் மூலம் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்தால், வூஃபர் குதிக்கும்போதெல்லாம் மீட்டரும் குதிக்கிறது. பத்தில் ஒரு பங்கு வோல்ட்டுக்குள் நிற்க வேண்டியது அரை வோல்ட்டையும் தாண்டினால், குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று கொள்ளலாம்.

பரிகாரமும் அங்கேயே இருக்கிறது. சீட் போல்ட்டையும் சீட் பெல்ட் போல்ட்டையும் எர்த்துக்கு உபயோகிப்பதை அறவே விட்டுவிட வேண்டும். அவை உயிர் காக்கும் பொருட்டு இறுக்கப்பட்டவை. உடம்பின் கனத்த தகட்டில் தனியாக ஓர் இடத்தைத் தேர்ந்து, உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை பெயிண்டைத் தேய்த்து எடுத்து, பவர் வயர் எவ்வளவு கனமோ அவ்வளவு கனமுள்ள எர்த் வயரை 45 செண்டிமீட்டருக்கு மேற்படாத நீளத்தில் வெட்டி, லக்கை நன்றாக நசுக்கி, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க மேலே சிறிது வாஸ்லின் தடவிவிட வேண்டும். எஞ்சினையும் உடம்பையும் இணைக்கும் பட்டையான எர்த் நாடா அறுந்தோ பச்சை பூத்தோ கிடக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவது நலம். பழைய வண்டிகளில் செல்ஃப் இழுக்காமைக்கும் பாட்டு இரைவதற்கும் அந்த ஒரே நாடா காரணமாக இருப்பதுண்டு.

எர்த் சரியாக இருந்தும் இரைச்சல் நீங்கவில்லையென்றால், ஆம்பை நிறுத்திவிட்டு ஆர்.சி.ஏ. பின்களைக் கழற்றி, நடு ஊசியும் வெளி வளையமும் குறுக்கே இணைக்கப்பட்ட வெற்றுப் பின்களை ஆம்பில் செருகி, மறுபடியும் போட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் ஆம்ப் நிரபராதி. குற்றம் அதற்கு முன்னால் இருக்கிறது. நிற்காவிட்டால் ஆம்பின் பவர் வழியிலோ ஆம்புக்குள்ளேயோ தேட வேண்டும். ஆம்ப் நிரபராதி என்று தெரிந்தபின், எந்த வயரோடும் சம்பந்தப்படாத ஒரு செல்போனை ஆம்புக்கு நேராகக் கொடுத்துப் பாடவிட்டு, அதிலும் இரைச்சல் இல்லையென்று கண்டால், புதிய ஆர்.சி.ஏ. வயர் ஒன்றைச் சீட்டின் மேலாகவே போட்டுச் செட்டையும் ஆம்பையும் இணைத்துப் பாருங்கள். இப்போது இரைச்சல் போய்விட்டால், பழைய வயர் பவர் வயரோடு ஒரே பக்கமாகக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒட்டிப் படுத்திருக்கக்கூடும். பவர் ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ. மறு பக்கமுமாக இழுப்பதும், இரண்டும் குறுக்கிட்டே தீரவேண்டிய இடத்தில் நேர்குத்தாகக் குறுக்கிடவைப்பதும் நம் பையன்களுக்கு முதல் நாளிலேயே கற்பிக்க வேண்டிய பாடங்கள். புது வயரிலும் இரைச்சல் நீடித்தால், செட்டுக்குள்ளேயே ஆர்.சி.ஏ.-யின் எர்த் அறுந்திருக்கக்கூடும். பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னைச் செருகுவதனால் அவ்வாறு நேர்வதுண்டு.

'உஸ்' என்று மாறாமல் கேட்கும் மூன்றாவது வகைக்குப் பெரும்பாலும் ஆம்பின் கெயின் திருகுதான் காரணம். அதை வால்யூம் என்று நினைத்துக் கடைசிவரை திருகிவிடுகிறோம். செட்டின் வால்யூமை முக்கால் பங்குக்கு வைத்து, பாட்டு உடைகிற இடம்வரை கெயினை ஏற்றி, அங்கிருந்து சற்றே இறக்கி நிறுத்துவது முறை. இதைச் சொல்லிக்கொடுக்க நிமிஷங்கள் போதும். இதற்காக ஒரு பொருளையும் விற்க வேண்டியதில்லை.

'டிக் டிக்' ஒலி பெட்ரோல் வண்டிக்கு உரியது. நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பொறிகள் வீதம், நிமிஷத்துக்கு 900 சுற்றில் விநாடிக்கு 30 பொறிகள் தெறிக்கின்றன. ஒவ்வொரு பொறியும் தன்னளவில் ஒரு சிறு வானொலி நிலையமாகும். அதனாலேயே இன்றைய பிளக்குகளில் சுமார் 5000 ஓம் தடை உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. விலை மலிவு என்று தடையில்லாத பிளக்கைப் போட்டால் பாட்டோடு பொறியும் கேட்கத்தான் செய்யும். டீசல் எஞ்சினில் பற்றவைப்புப் பொறியே கிடையாதாகையால், டீசல் வேனில் டிக் டிக் கேட்டால் இண்டிகேட்டர், பம்ப், வைப்பர் மோட்டார் முதலியவற்றின் பக்கம் காதைத் திருப்ப வேண்டும்.

ரேடியோவில் மட்டும் கேட்கும் கரகரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் பண்பலையைக் கேட்டுப் பழகிய நம் பகுதி ஓட்டுநர்கள், அண்மைக் காலமாகப் புது விளக்குகள் போட்டபின் நிலையம் சரியாக எடுக்கவில்லை என்று முறையிடுகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மையே. மலிவான எல்.இ.டி. விளக்குகளின் டிரைவரும், லைட்டர் சாக்கெட்டில் செருகும் சார்ஜரும் மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டிக் கொடுப்பவை. அந்த வெட்டே வானொலி இடையூறாகப் பரவுகிறது. விளக்கை அணைத்துப் பாருங்கள், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். எஞ்சியதற்கு ஒரு சிறு டிரான்சிஸ்டர் ரேடியோவை மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, டாஷ்போர்டு நெடுகக் கொண்டுசெல்லுங்கள். இடையூறு பிறக்கும் இடத்தை நெருங்க நெருங்க அது இரைந்து காட்டிக்கொடுக்கும். வானொலி இடையூறுகளை ஆராய்வதற்கென்றே 1934-இல் ஒரு சர்வதேசக் குழு அமைக்கப்பட்டு, வண்டிக்குள் இருக்கும் ரேடியோவைக் காப்பதற்குத் தனி விதிமுறையே அது வகுத்திருக்கிறது. கம்பெனிக்காரர்கள் அவ்விதிகளுக்கு இணங்க அமைத்துத் தந்த வண்டியில், பின்னால் நாம் சேர்க்கிற பொருள்தான் அந்த ஒழுங்கைக் கெடுக்கிறது.

லாரி அன்பர்களின் விஷயம் தனி. 24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் செட்டைப் பொருத்துவதற்காக இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடும் பழக்கம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அதனால் ஒரு பாட்டரி அதிகம் இறங்கி, மற்றொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி, இரண்டுமே சீக்கிரம் கெட்டுவிடுகின்றன. 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டரை வைப்பதே நியாயம். அதிலும் ஆம்பியர் தாங்கக்கூடிய நல்ல பொருளாக வைத்தால், இரைச்சலும் வராது, பாட்டரியும் பிழைக்கும்.

இவ்வளவும் சொன்னதனால் ஃபில்டரே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். சார்ஜ் ஏறிக்கொண்டே ஆக்ஸ் வயரிலும் பாடும் செல்போனில் எழும் ரீங்காரத்துக்கு, ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் தக்க மருந்துதான். பவர் வயரில் வரும் சிற்றலைக்குச் சோக்கும் கண்டென்சரும் கொண்ட ஃபில்டர் தக்க மருந்துதான். எர்த், வயர், ஆல்டர்னேட்டர் மூன்றும் குற்றமற்றவை என்று சோதித்துத் தெரிந்தபின் கடைசியாக வைக்கப்படும் ஃபில்டரை நான் வரவேற்கிறேன். சோதனைக்குப் பதிலாக வைக்கப்படும் ஃபில்டரையே ஆட்சேபிக்கிறேன்.

இனி, இம்மடலை நான் எழுதத் துணிந்ததற்குரிய முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். தளர்ந்த எர்த் வெறும் இரைச்சலோடு நின்றுவிடுவதில்லை. ஓர் ஆம்ப் 20 ஆம்பியர் இழுக்கும்போது, அதன் எர்த் இணைப்பில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தால், அந்த ஓர் இடத்தில் 40 வாட் சூடு பிறக்கிறது. நாம் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னின் சூடு அவ்வளவுதான். அத்தகைய ஒரு சால்டரிங் அயர்னைக் கார்ப்பெட்டுக்கு அடியில், ரெக்ஸின் சீட்டுக்குப் பக்கத்தில், மணிக்கணக்காக எரியவிட்டு, அதன்மேல் ஆட்களை உட்காரவைத்து அனுப்புவதற்கு நம்மில் யாருக்கும் மனம் துணியாது. ஆனால், இரைச்சலை ஃபில்டரால் மூடி, இளகிய எர்த்தை அப்படியே விட்டு அனுப்பும்போது நாம் செய்வது அதுவே. பாட்டரியிலிருந்து வரும் பவர் வயருக்கு 45 செண்டிமீட்டருக்குள் பியூஸ் வைக்காமலும், எஞ்சின் தடுப்புத் தகட்டில் அது நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடாமலும் விட்டால், அதிர்வில் தோல் உரிந்த அந்த வயர் உடம்பைத் தொடும் கணத்தில் பல நூறு ஆம்பியர் பாய்ந்து, வயர் முழுவதும் நெருப்புத் திரியாகிவிடும்.

நம் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில், மருந்து கலக்கும் அறைக்குள் நுழையும் தொழிலாளி, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நைலான் துணி உடுத்தாமல் பருத்தி உடுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறிக்கு அஞ்சி அத்தனை நியமங்கள். ஒரு பொறியின் விலை என்ன என்பதை உலகத்தில் வேறெந்த ஊர்க்காரரைக் காட்டிலும் நம் ஜனங்கள் அறிவார்கள். அதை அறிந்துகொள்ள அவர்கள் கொடுத்த விலையும் அதிகம். ஆலைக்குள் அவ்வளவு எச்சரிக்கையோடு பழகும் அந்தத் தொழிலாளியை, காலையிலும் மாலையிலும் ஏற்றிச் செல்லும் வேனின் எர்த் பெயிண்டின் மேல் தொங்கிக்கொண்டிருக்குமானால், அவர் காட்டும் ஜாக்கிரதையில் பாதியை நாம் வீணாக்குகிறோம். அந்த வேன் ஆலை வாசலில் நிற்கிறது. அதே சாலையில் பட்டாசுப் பெட்டி ஏற்றிய லாரியும் நிற்கிறது.

ஆகையால் தோழர்களே, உங்கள் எல்லோரிடமும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். இரைச்சல் என்று எந்த வண்டி வந்தாலும், ஃபில்டரை எடுப்பதற்கு முன்னால் எர்த்தைக் கழற்றிப் பாருங்கள். மீட்டரை வைத்துப் பாருங்கள். பியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைக்கு ஆகும் நேரத்துக்குரிய கூலியைக் கூசாமல் கேளுங்கள். அறிவுக்குக் கூலி கேட்பது அநியாயம் அல்ல. எதைக் கண்டீர்கள், எதைச் சரிசெய்தீர்கள் என்பதைச் சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அடுத்த கடைக்காரருக்கு அது வழிகாட்டும். உங்களிடம் தொழில் பழகும் பையன்களுக்கு, டேப் சுற்றக் கற்பிப்பதற்கு முன்னால் பெயிண்டைத் தேய்த்து லக் வைக்கக் கற்பியுங்கள். இன்றைக்கு உங்கள் கடையில் நிற்கும் முதல் வேனிலிருந்தே இதைத் தொடங்குங்கள்.

இங்ஙனம்,
சூலக்கரையிலிருந்து,
உங்கள் தொழில் தோழன்